பருந்துப் பார்வை: ஒரு சொல்லும் ஒரு படமும்

வளர்ந்துவரும் நகரத்தை வானத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் எப்படியிருக்குமோ அப்படித் தீட்டிய பழைய படங்கள், இன்று மறுபதிப்பாகிப் பல வீடுகளின் சுவரை அலங்கரிக்கின்றன. ஆங்கிலத்தில் இவற்றை 'பேர்ட்ஸ் ஐ வியூ' என்பார்கள். தமிழில் பறவைப் பார்வை, கழுகுப் பார்வை, பருந்துப் பார்வை என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. இவற்றுள் எது பொருந்தும்?

முதலில் 'படம்' என்ற சொல். துணி என்பது அதன் பழைய பொருள். மயிலுக்குப் பேகன் கொடுத்த போர்வையைப் புறநானூறு 'படாம்' என்கிறது. துணியில் சித்திரம் எழுதும் வழக்கம் இருந்ததால், துணியின் பெயர் சித்திரத்துக்கும் ஆயிற்று. ஆங்கில 'மேப்' வந்த வழியும் இதுவே: லத்தீன் மொழியில் 'மாப்பா' என்றால் துணி. 19ஆம் நூற்றாண்டின் பெரிய சுவர்ப்படங்களையும் துணியில் ஒட்டி, மேலும் கீழும் மரக்கோல் பொருத்தித்தான் மாட்டினார்கள்.

அடுத்தது 'பார்வை'. நேர் மேலிருந்து அளந்து வரையும் தரைப்படத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் 'இக்னோகிராபியா'. 'இக்னோஸ்' என்றால் காலடிச்சுவடு. 1502இல் லியனார்டோ டா வின்சி வரைந்த இமோலா நகரப் படம் இவ்வகை. அதில் தெருக்கள் தெரியும், வீடுகளின் முகம் தெரியாது. முகமும் தெரியவேண்டும் என்றால் சாய்வாகப் பார்த்தாக வேண்டும். அந்தச் சாய்ந்த காட்சிக்குப் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் பறவையின் பறத்தலைப் பெயராக்கினர். ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டில் பறவையின் கண்ணைப் பெயராக்கினர்.

ஆனால் அந்தப் படங்களை ஆக்கியவை கால்கள். 1500இல் யாக்கோபோ தே பார்பரி வெளியிட்ட வெனிஸ் படமே இதற்குச் சான்று. ஆறு மரக்கட்டைகளில் செதுக்கி அச்சிட்ட அதன் அகலம் ஏறத்தாழ 2.8 மீட்டர். வேலைக்கு மூன்றாண்டு பிடித்தது என்று பதிப்பாளர் ஆன்டன் கோல்ப் அரசிடம் அளித்த விண்ணப்பத்தில் சொல்கிறார். அன்று மனிதன் பறந்ததில்லை. மணிக்கூண்டுகளில் ஏறிப் பார்த்ததையும் தரையில் திரட்டியதையும் இணைத்தே அந்த ஒற்றைக் காட்சி உருவானது. 1489இல் தீக்கிரையான சான் மார்க்கோ மணிக்கூண்டு, தற்காலிகத் தட்டைக் கூரையோடு முதல் பதிப்பில் நிற்கிறது. கோபுரத்தைச் சீரமைத்த பிறகு அச்சுக்கட்டையையும் திருத்தினார்கள்.

இந்தக் கலை ஊர் ஊராகப் பரவியது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில். உள்நாட்டுப் போர் முடிந்து, ரயில் பாதையோரம் புதிய ஊர்கள் முளைத்த காலம் அது. ஓவியர் முதலில் தெருக்களின் வலையைச் சாய்வுக் கோணத்தில் போட்டுக்கொள்வார். பிறகு ஒவ்வொரு தெருவிலும் நடந்து, வீடு வீடாகக் குறிப்போவியம் எடுத்து, அவற்றை வலையில் பொருத்துவார். முன்பணம் கட்டிய ஊர்க்காரர்களுக்காகக் கல்லச்சில் படிகள் எடுக்கப்படும். ஊரின் பெருமையைக் காட்டவும், மனை விற்கவும், ஆலை முதலாளிகளை அழைக்கவும் இவை உதவின. அதனால் புகைபோக்கிகள் தாராளமாகப் புகை கக்கும். வீட்டு முகப்புகள் தெரிய வேண்டித் தெருக்கள் அகன்று நிற்கும். அளவு விகிதம் இரண்டாம்பட்சம்.

செயின்ட் லூயிஸ் நகரை 1875 நிலவரப்படி கமில் டிரை 110 தகடுகளில் வரைந்தார். ரிச்சர்ட் காம்ப்டன் பதிப்பித்தார். தாடியஸ் ஃபவுலர் 400க்கும் மேற்பட்ட ஊர்ப்படங்களை வரைந்தவர். உள்நாட்டுப் போரில் கணுக்காலில் குண்டடி பட்ட அவர், அந்தக் காலோடுதான் இத்தனை ஊர்களிலும் நடந்தார். 1922இல் மிடில்டவுன் நகரின் பனி உறைந்த தெருவில் வழுக்கி விழுந்ததே அவர் மரணத்துக்குக் காரணமாயிற்று. பறவையின் பெயரைச் சூடிய இந்தத் தொழிலில், பாடு முழுவதும் மனிதக் கால்களுடையது.

இதற்கிடையே 1860இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனில் ஏறிப் பாஸ்டன் நகரைப் படம்பிடித்தார். கழுகும் காட்டு வாத்தும் காணும் பாஸ்டன் என்று அந்தப் புகைப்படத்துக்குப் பெயர் அமைந்தது. உண்மையிலேயே வானிலிருந்து எடுத்த படமும் பறவையின் பெயரை விடவில்லை.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'கழுகுப் பார்வை' இன்று கண்காணிப்பைக் குறிக்கிறது. காவல்துறைச் செய்திகளில் அதைக் காண்கிறோம். 'பறவைப் பார்வை' பிழையில்லை, ஆனால் மொழிபெயர்ப்பின் வாடை போகவில்லை. பருந்துக்கோ நம் இலக்கணத்திலேயே இடமுண்டு. நன்னூல் சொல்லும் நான்கு சூத்திர நிலைகளில் ஒன்று 'பருந்தின் வீழ்வு': உயரத்தில் பறந்தபடி இரையைக் கண்டு, அதன்மேல் பாய்ந்து எடுத்துச் செல்வது. ஊர்ப்படத்தைப் பார்ப்பவரும் அதைத்தான் செய்கிறார். முழு ஊரையும் ஒரு கணம் பார்த்துவிட்டு, உடனே தன் தெருவில், தன் வீட்டில் கண்ணை இறக்குகிறார். ஆகவே 'பருந்துப் பார்வைப் படம்' என்பதே என் தேர்வு.

அப்படியொரு படம் உங்கள் வீட்டுச் சுவரில் இருந்தால், அதன் கீழ் விளிம்பைப் பாருங்கள். அங்கே சிறிய எழுத்தில் ஓவியர் பெயரும் ஆண்டும் இருக்கக்கூடும். சட்டம் போடும்போது அதை மறைத்துவிடாதீர்கள்.