யாரும் திரும்பிப் பார்க்காத ரயில்

1956 ஆகஸ்ட் 2, இரவு. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலத்தில் யேகர் என்றொரு சின்ன ஊர். காருக்குள் இருந்தபடியே படம் பார்க்கிற திறந்தவெளித் தியேட்டர். முன்னால நிற்கிற காரில் ஒரு இளம் சோடி சாய்ந்து இருக்கினம். திரையில் ஒரு விமானம் பறக்குது. திரைக்குப் பக்கத்துத் தண்டவாளத்தில், நீராவி எஞ்சின் ஒன்று வெள்ளைப் புகையோட சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகுது. ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்க்கேல்ல.

சரக்கு ரயிலைப் படமெடுக்கிற பைத்தியம் பிடித்த ஆக்கள் எல்லாருக்கும் இந்தப் படம் தெரியும். பெயர் ‘ஹொட்ஷொட் ஈஸ்ட்பவுண்ட்’. அவசரச் சரக்கோட கிழக்குப் பக்கம் ஓடுகிற ரயில் என்றதுதான் அர்த்தம். எடுத்தவர் ஓ. வின்ஸ்டன் லிங்க். புரூக்ளினில் பிறந்தவர், விளம்பரப் படம் எடுப்பது தொழில். 1955 ஜனவரியில் வேர்ஜினியாவுக்கு ஒரு வேலையாகப் போனவர், அந்தப் பக்கத்தில் ஓடிய நோர்போக் அண்ட் வெஸ்டர்ன் கம்பனியின் நீராவி ரயில்களைப் பார்த்தார். மற்றப் பெரிய கம்பனிகள் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. இந்தக் கம்பனிக்கு நிலக்கரி காவுவதுதான் பிழைப்பு. எஞ்சினுக்குப் போடுகிற கரி பாதையோரச் சுரங்கத்திலேயே கிடைத்தது, எஞ்சினையும் ரோனோக்கில் இருந்த சொந்தப் பட்டறையிலேயே கட்டினார்கள். அதனால்தான் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது. இனி அதிக நாள் இல்லை என்று லிங்குக்கு விளங்கியது. கம்பனியிடம் அனுமதி கேட்டு, சொந்தக் காசில் ஐந்து வருஷம் திரும்பத் திரும்பப் போனார்.

அநேகமாக இரவில்தான் எடுத்தார். சூரியனையும் நகர்த்தேலாது, தண்டவாளத்தையும் நகர்த்தேலாது, ஆனா இருட்டில வெளிச்சம் நம்மட கையில என்றது அவற்றை கணக்கு. யேகரில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட ஃபிளாஷ் பல்புகள். எல்லாத்தையும் ஒரே தொடர் வயரில் கோர்த்திருப்பார். ஒன்று பழுதென்றால் ஒன்றும் எரியாது. ரயில் கடக்கிற அந்த ஒரு செக்கன்தான் சந்தர்ப்பம். பிழைச்சா பிழைச்சதுதான்.

இங்கதான் வரலாறு படிக்கிற எனக்குச் சிக்கல் தொடங்குது. அந்தச் சோடியை அங்க இருத்தியது லிங்க். கார் அவருடையது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரை வெறும் வெள்ளையாகிவிட்டதால், விமானத்தைப் பிறகு இருட்டறையில் வைத்து ஒட்டினார். அப்ப இது ஆதாரமா, நாடகமா?

முதலில நானும் நாடகம் என்றுதான் நினைச்சன். இப்ப அப்படி நினைக்கேல்ல. ரயில் உண்மை, தியேட்டர் உண்மை, ரெண்டும் அவ்வளவு கிட்ட இருந்ததும் உண்மை. ஆக்களை ரயிலிலிருந்து பிரிச்சுக்கொண்டு போன காரையும் விமானத்தையும் அவர் அதே சட்டத்துக்குள்ள கொண்டுவந்தார். ஆனா படத்தை மட்டும் பார்த்து இதெல்லாம் கண்டுபிடிக்கேலாது. எடுத்த கதையும் கூட இருந்தால்தான் அது ஆதாரம்.

அதே 1956இல்தான் எங்கட யாழ்தேவியும் ஓடத் தொடங்கினது. வீட்டு அல்பத்தில் யாழ்தேவிக்கு முன்னால நிற்கிற படம் இருக்கு. காங்கேசன்துறையிலிருந்து சீமெந்து ஏத்திப்போன பெட்டிகளைப் பற்றி அப்பப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். படம் ஒன்றுகூட இல்லை. வழியனுப்பப் போற ஆக்கள் கமரா கொண்டு போவினம். சீமெந்தை ஆர் வழியனுப்புறது?

1960 மே மாதத்தோட அந்தக் கம்பனியின் நீராவி ஓட்டம் முடிஞ்சுது. லிங்கின் படங்களைப் பெரிய அரும்பொருட்காட்சியகங்கள் தேடி வந்தது எண்பதுகளில்தான். 2001இல் அவர் இறந்தார். 2004இல் ரோனோக்கில், அதே கம்பனியின் பழைய பயணிகள் நிலையத்தில், அவரது படங்களுக்கென்றே ஒரு காட்சியகம் திறந்தார்கள். அதன் பக்கத்துப் பாதையில் இப்பவும் சரக்கு ரயில் போகுது, டீசலில.