குவேனியின் சாபமும் கண்டி ஆட்டமும்

கண்டி என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவன தலதா மாளிகையும் பெரஹராவும், நாயக்கர் குலத்துக் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுந்தான். பெரஹராவில் பளபளக்கும் தலையணி சூடி ஆடிவருவோரைப் படங்களிலேனும் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்தின் வேர் கேளிக்கையில் இல்லை. நோய் தீர்க்கும் சடங்கில் இருக்கிறது.

அச்சடங்கின் பெயர் கொஹொம்பா கங்காரிய. கொஹொம்ப என்றால் சிங்களத்தில் வேம்பு. அதன் தோற்றக் கதை நமக்கும் அந்நியமன்று. இலங்கையில் கரையேறிய விஜயன், தன்னை ஆதரித்த இயக்கர் குலத்துக் குவேனியைக் கைவிட்டு, மதுரையிலிருந்து பாண்டியன் மகளை வரவழைத்து மணந்தான் என்கிறது மகாவம்சம். சத்தியம் மீறப்பட்டதால் குவேனி இட்ட சாபம் சிறுத்தை உருவில் தொடர்ந்தது என்கிறது மலைநாட்டு மரபு. நோயுற்றவன் விஜயனல்லன், அவனுக்குப் பின் அரியணை ஏறிய பண்டுவாசுதேவன். 'திவி தோஸ்' எனப்பட்ட அப்பிணியைத் தீர்க்கவே முதல் கங்காரிய நடந்ததாம்.

ஒரு தலைமுறையின் துரோகம் அடுத்த தலைமுறையின் உடலில் நோயாகிறது! இன்றைய உளவியலார் தலைமுறை கடக்கும் மனவடு என்று பேசுவதை அந்தக் கதை தன் மொழியில் சொல்லிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

சடங்கு இரவு முழுதும் நீளும். பெரவா சாதியினர் பேரிகை முழக்கி ஆடுவர். இடையே ஊரைச் சிரிக்கவைக்கும் நாடகங்களும் உண்டு. நோயாளி தனியே விடப்படுவதில்லை, ஊரே கூடியிருக்கும். சுதந்திரத்துக்குப் பின் ஆட்டம் பள்ளிப் பாடமாகி மேடையேறியது. செலவு மிகுந்த சடங்கோ அருகிப்போயிற்று. ஆட்டம் தேசியப் பெருமையாயிற்று, ஆடியவர்களின் சாதி இழிவு மட்டும் எளிதில் நீங்கவில்லை.

அமெரிக்கரான பீட்டர் லெவின் 1997இல் வெளியிட்ட நூலில், அதிர்ச்சி உடலில் தேங்குகிறது, உடல்வழியே அதைக் கரைக்கலாம் என்றார். இத்தகைய சிகிச்சைகளுக்கான அறிவியல் சான்று இன்னும் போதிய அளவு திரளவில்லை. ஆயினும் போரால் நொந்தவர்களின் துயரம் தலைவலியாகவும் நெஞ்சுவலியாகவும் வெளிப்படுவதை யாழ்ப்பாணத்தில் கண்ட மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மந்திர உச்சாடனம், மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம் முதலிய மரபு வழிகளையும் சிகிச்சையில் பயன்படுத்தினார். கண்டிக்கு அருகே நிலம்பையில் 1979 முதல் இயங்கும் தியான நிலையத்தில் கொட்வின் சமரரத்ன, 2000இல் மறையும்வரை, மூச்சையும் உடலையும் கவனிக்கக் கற்பித்தார்.

அம்மலைகளில் வாழும் நம் தோட்டத் தமிழரும் தப்பு முழங்கக் காமன் கூத்து ஆடுகின்றனர். எரிந்த மன்மதனுக்காக ரதி புலம்பும்போது, சொல்லமுடியாத எத்தனை இழப்புகள் அங்கே அழுகின்றன என்று நான் எண்ணுவதுண்டு.

கண்டியும் காயம்படாத ஊரன்று. 1983 ஜூலைக் கலவரம், 1989இல் பேராதனையில் வைக்கப்பட்ட வெட்டுண்ட தலைகள், 1998இல் தலதா மாளிகைக் குண்டுவெடிப்பு, 2018இல் திகனையில் முஸ்லிம்கள்மீதான வன்முறை என்று ஒவ்வொரு சமூகத்திடமும் ஒரு கணக்கு உண்டு.

மூச்சுப் பயிற்சி ஒருவருக்கு உறக்கம் தரலாம், அது நற்பேறே. ஆனால் கங்காரிய மரபு நோயின் காரணத்தையும் மறைக்கவில்லை: ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு மீறப்பட்டது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. யார் யாருக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்று சொல்லத் துணியாத நாடு, எத்தனை இரவுகள் பேரிகை முழக்கினாலும் சிறுத்தை விலகாது.