பூஞ்சிட்டு ஓட்டம்: இளங்காளைப் பந்தயமும் தென்பாண்டி மரபும்

இளம் விலங்குகளுக்கென்று தனிப் பந்தயம் நடத்தும் வழக்கம் பிரான்சில் குதிரைக்கு உண்டு. நம் தென்பாண்டிச் சீமையில் காளைக்கு உண்டு. கோயில் கொடையையொட்டித் தென்மாவட்டச் சாலைகளில் நடக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பிரிவுகள் இருப்பதை யாவரும் அறிவோம். சில வட்டாரங்களில் நடுமாடு, கரிச்சான், தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று இந்த அடுக்கு இன்னும் விரியும். பெரிய மாட்டு ஓட்டத்துக்குக் கிடைக்கும் பேரும் புகழும் பூஞ்சிட்டுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும், நம் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த விலங்கறிவு இந்த இளங்காளைப் பிரிவில்தான் தெளிவாகத் தெரிகிறது என்பது என் துணிபு. வளர்ந்த காளையின் வலிமையைப் பார்த்து மகிழ யாராலும் முடியும். வளரும் காளைக்கு எவ்வளவு ஓட்டம் தகும் என்று அளந்து வைப்பதற்கு அறிவும் அன்பும் வேண்டும்.

ஓத்தேய் மைதானத்தின் வயதுப் படிகள்

பிரான்சில் உயர்சாதிக் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேடு 1833-இல் தொடங்கப்பட்டது. தடை தாண்டும் பந்தயங்களுக்கான சங்கம் 1863-இல் அமைந்தது. அச்சங்கத்தின் பெருமைக்குரிய ஓத்தேய் மைதானம் 1873-இல் பாரிஸ் நகரின் மேற்கு ஓரத்தில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1874-இல், ஓத்தேயின் பெரிய வேலி ஓட்டம் முதன்முறையாக நடந்தது.

அங்கே இளங்குதிரைகளுக்கென ஏற்பட்ட பந்தயங்களில் தலையாயது காம்பசெரே பரிசு. மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே இதில் ஓடலாம். தூரம் 3,600 மீட்டர். வழியெங்கும் தாண்டுவதற்கு வேலித் தடைகள். காலம் நவம்பர் மாதம். நான்கு வயதுக் குதிரைகளுக்கு அலேன் து ப்ரேய் பரிசு, 3,900 மீட்டர். ஐந்தும் அதற்கு மேலும் வயதானவற்றுக்கு முன்சொன்ன பெரிய வேலி ஓட்டம், 5,100 மீட்டர். வயது ஏற ஏறத் தூரமும் ஏறுகிறது. மூன்று வயதுக் குதிரையை ஐந்து வயதுக் குதிரையோடு மோதவிட்டுப் பார்ப்பதில் பெருமை இல்லை என்பதை அந்நாட்டார் விதியாகவே எழுதிவைத்தார்கள். நம் நாட்டிலும் 1943 முதல் மும்பையில் நடக்கும் இந்தியன் டெர்பி நான்கு வயதுக் குதிரைகளுக்கே உரியது. தூரம் 2,400 மீட்டர்.

வயதைப் பிரெஞ்சுக்காரர் கணக்கிடுவது ஏட்டைக் கொண்டு. எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் ஜனவரி முதல் நாளில் உயர்சாதிக் குதிரைக்கு ஒரு வயது கூடிவிடும். தாய், தந்தை, பிறந்த நாள் யாவும் பதிவேட்டில் இருப்பதால் வயதைப் பற்றிய வழக்குக்கே அங்கு இடமில்லை.

குற்றாலத்து நீர் சேரும் குதிரைத் துறை

அப்படியானால் தென்பாண்டியில் இளங்குதிரைப் பந்தயம் ஏன் வேர்கொள்ளவில்லை? விடை நம் ஆற்றின் வழியிலேயே கிடைக்கிறது. குற்றால மலையில் பிறந்து தென்காசியைத் தொட்டு ஓடும் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணி கடலைச் சேரும் இடத்தருகே இருந்ததுதான் பாண்டியரின் புகழ்பெற்ற காயல் துறைமுகம்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஓர்முசு, கீசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கியதைச் சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபோ, கீசுத் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டிய நாட்டுக்கு அனுப்பப்பட ஒப்பந்தம் இருந்தது என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் குறித்திருக்கிறார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சிக் காலம் அது. பாண்டியன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கத் துறைமுகத்துக்குப் புறப்பட்ட வாதவூரர் கதை தமிழர் நெஞ்சில் நிலைத்திருப்பதற்கும் இந்தக் கடல் வணிகமே பின்புலம்.

வந்த குதிரைகள் இம்மண்ணில் நிலைக்கவில்லை. வெப்பமும் ஈரமும் பழக்கமில்லாத தீனியும் அவற்றை வாட்டின. குதிரை பேணத் தெரிந்தவர்கள் இங்கு இல்லாமையால் அவை விரைவில் மடிந்தன என்றும், இங்கே ஈன்ற குட்டிகள் தேறவில்லை என்றும் போலோ எழுதுகிறார். ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியிருந்ததால் குதிரை அரசனின் படைக்கும் கோயில் வாகனத்துக்கும் உரியதாக நின்றது. தொழுவத்தில் பிறந்து, வீட்டார் கண்முன்னே வளரும் இளங்குதிரை என்ற ஒன்று நம் ஊர்களில் இல்லை. அந்த இடத்தில் இருந்தது காளைக் கன்று. இளமையை நாள்தோறும் பார்த்து வளர்த்தவர்களுக்குத்தான் இளமைக்கென ஒரு பந்தயம் தோன்றும்.

மலைப்பாதையில் வண்டிக் காளை

தென்காசிக்கு மேற்கே செங்கோட்டை. அதைத் தாண்டினால் ஆரியங்காவுக் கணவாய். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் (பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி) எல்லைக்குள் இருந்தது. செங்கோட்டையையும் கொல்லத்தையும் இணைக்கும் மீட்டர்கேஜ் ரயில்பாதை 1904-இல் திறக்கப்படும்வரை, இக்கணவாய் வழிச் சரக்கு பெரும்பாலும் வண்டிக் காளைகளையும் பொதி மாடுகளையும் நம்பியே போய்வந்தது.

ஏற்றத்தில் இழுத்துப் பிடிக்கவும் இறக்கத்தில் வண்டியைத் தாங்கவும் தெரிந்த காளைக்கு மதிப்பு அதிகம். இளங்காளையை ஒரேயடியாகப் பாரத்தில் பூட்டினால் கால் கெட்டுவிடும். பிறகு அது ஆயுளுக்கும் உதவாது. ஆகவே முதலில் வெறும் நுகத்தடியில் நடை, பிறகு வெறும் வண்டி, பிறகு அரைப் பாரம், கடைசியில் முழுப் பாரம் என்று பழக்கினார்கள். பந்தயப் பிரிவுகளின் அடிப்படையும் இந்தப் படிமுறைதான்.

தென்மேற்குப் பருவக் காற்றில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சாரல். அருவிகள் சுற்றுலாப் பயணிகளுக்குக் களிப்பு. மாடு வளர்ப்பவருக்கு அவை பசும்புல்லும் நீர் நிறைந்த குளமும். பந்தயக் காளைக்கு நீச்சல் சிறந்த பயிற்சி. குளம்புக்கும் மூட்டுக்கும் அடி படாமல் நெஞ்சும் மூச்சும் வலுப்பெற நீரைவிட நல்ல களம் இல்லை. அதோடு பருத்திக்கொட்டையும் தவிடும் பிண்ணாக்கும் தீனி. இவ்வளவு கவனிப்பும் இருந்தால்தான் ஒரு கன்று பூஞ்சிட்டாக ஓடவே தகுதி பெறும்.

பல் சொல்லும் வயது

பிரெஞ்சுக்காரர் ஏட்டில் பார்ப்பதை நம் உழவர் மாட்டின் வாயில் பார்த்தார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்த்தாடையில் எட்டு உண்டு. முதலில் இருப்பவை பால் பற்கள். சுமார் இரண்டு வயதை ஒட்டி நடுவிலுள்ள இரண்டும் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். அது ‘இரண்டு பல்’ மாடு. பிறகு நாலு பல், ஆறு பல். எட்டும் சேர நான்கு, ஐந்து வயதாகும். தீனியையும் இனத்தையும் பொறுத்துச் சில மாதங்கள் முன்பின் இருக்கலாம், வரிசை மாறுவதில்லை.

தூரத்தையும் இந்த அறிவே வகுத்தது. தென்மாவட்டங்களில் பெரிய மாட்டுக்குப் போக வரப் பத்து மைல் என்றால் சின்ன மாட்டுக்கு ஆறு, எட்டு மைல், பூஞ்சிட்டுக்கு அதைவிடக் குறைவு என்று ஊருக்கு ஊர் சிறு வேறுபாட்டுடன் வைக்கிறார்கள். கொங்கு நாட்டு ரேக்ளாவிலும் இளையவற்றுக்கு 200 மீட்டர், வளர்ந்தவற்றுக்கு 300 மீட்டர். ஓத்தேயில் 3,600, 3,900, 5,100 என ஏறும் படிகளுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. ஒன்றையொன்று அறியாத இரு சமூகங்கள், விலங்கை உற்றுநோக்கியதாலேயே ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தன.

இதற்கு உடற்கூற்றியலும் சான்று தருகிறது. இளங்காளையின் நீண்ட கால் எலும்புகளின் நுனிகளில் வளர்தட்டுகள் உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். அவற்றுட் சில மூன்று வயது கடந்தும் முழுமையாக இறுகுவதில்லை. அதற்குமுன் கடுந்தார்ச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டினால் ஏற்படும் கேடு அன்றே தெரியாது. உழைக்க வேண்டிய வயதில் நொண்டலாக வெளிப்படும். எட்டுப் பல்லும் சேரும் காலமும் எலும்பு இறுகும் காலமும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஒட்டி வருகின்றன. வாயைப் பிடித்துப் பல் பார்த்த நம் முன்னோர், தாம் அறியாமலே எலும்பின் வயதையும் பார்த்துவிட்டார்கள்.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் பல்லை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் அளந்து பிரிவு வகுக்கிறார்கள். குட்டையான முதிர்ந்த காளை அப்போது இளையவற்றோடு ஓடி எளிதில் வென்றுவிடும். நெட்டையாக வளர்ந்த இளங்காளையோ தாங்கமுடியாத தூரத்துக்குத் தள்ளப்படும். முன்னது போட்டிக்கு அநீதி. பின்னது விலங்குக்கே அநீதி. உயரத்தை அளப்பது எளிது என்பதற்காகப் பல் பார்க்கும் கலையைக் கைவிடலாகாது.

தடையும் மீட்சியும்

2011 ஜூலையில் மத்திய அரசு, காட்சிக்குப் பழக்கக்கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுதும் இளைஞர்கள் திரண்டதும், அதையொட்டிச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றியதும் அண்மை வரலாறு. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மராட்டியம் ஆகிய மாநிலங்களின் திருத்தச் சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பை வெற்றியாக மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. விலங்கின் துன்பத்தைக் குறைத்து நடத்துவோம் என்று மாநிலங்கள் கொடுத்த உறுதியை ஏற்றே அது வந்தது. அந்த உறுதியைக் காப்பாற்ற வேண்டியவர்கள் பந்தயம் நடத்தும் விழாக் குழுவினர், சாரதிகள், மாட்டுக்காரர்கள். தார்க்குச்சிக்கும் வாலைக் கடிப்பதற்கும் இனி எந்தச் சாலையிலும் இடம் இருக்கக் கூடாது. பூஞ்சிட்டு ஓட்டத்தில் இது இருமடங்கு பொருந்தும். முதல் ஓட்டத்தில் வலியை அறிந்த காளை, வாழ்நாள் முழுதும் அச்சத்தில் ஓடும். பரிவோடு பழகிய காளை, சாரதியின் குரலுக்கே ஓடும்.

நாம் செய்ய வேண்டியவை

2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். புதிய மாவட்டத்துக்கு ஒரு முன்மாதிரி படைக்கும் வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு பந்தயத்திலும் அரசுக் கால்நடை மருத்துவர் முன்னிலையில் பல் பார்த்து, அதைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். இரண்டு பல்லும் முளைக்காத கன்றைப் போட்டியில் பூட்டலாகாது. பூஞ்சிட்டின் தூரத்துக்கு மாவட்டம் முழுமைக்கும் ஒரே மேல்வரம்பு வேண்டும். இயன்றவரை தார்ச்சாலையை விட்டு மண்பாதையில், வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடிக்க வேண்டும். பல் பார்த்து வயது சொல்லும் முதியவர்களிடம் அக்கலையைக் கேட்டுத் தொகுத்து வைக்க வேண்டும்.

ஒரு ஏடு தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பேணியதால் பிரெஞ்சுக்காரரின் இளங்குதிரைப் பந்தயத்துக்கு எழுத்தில் வரலாறு இருக்கிறது. நம்முடையது நாவில் இருக்கிறது. நாவில் இருப்பது ஒரு தலைமுறை அசட்டையாக இருந்தாலே அழிந்துபோகும். அடுத்த கொடைக்குப் பந்தயம் வைக்கும் ஊர் எதுவாயினும், ஒரு குறிப்பேட்டை வாங்கி, முதல் பூஞ்சிட்டின் நிறம், பல், ஓடிய தூரம் ஆகியவற்றை எழுதத் தொடங்கட்டும். நம் இளங்காளைகளின் வரலாறு அந்த முதல் வரியிலிருந்து எழுதப்படும்.