நாற்பதோடு முடியும் கணக்கு

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். தமிழ் படித்தவர்கள் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த ஏழு பெயர்களையும் வரிசை மாறாமல் சொல்லிவிடுவார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். பெண்ணின் வாழ்வை இப்படி ஏழாக வகுத்தது யார், எதை அளவுகோலாக வைத்து வகுத்தார்கள் என்ற கேள்வி மட்டும் எந்த வினாத்தாளிலும் வருவதில்லை.

பாட்டியல் நூல்கள் வயதைச் சொல்வதில் சிறிது வேறுபடும். பரவலாக வழங்கும் கணக்கு இது: பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19, அரிவைக்கு 20 முதல் 25, தெரிவைக்கு 26 முதல் 31, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. இந்தப் பகுப்பு உயிர் பெறுவது உலா இலக்கியத்தில். தலைவன் யானை மீதோ தேர் மீதோ வீதியில் வருவான். ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு மயங்குவார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்களுக்குப் பாடிய மூவருலாவின் அமைப்பும் இதுதான். ஐந்து வயதுப் பேதைக்குக் காமம் தெரியாது. அதனால் அவளுடைய அறியாமை பாடப்படும். மற்றவர்களுக்குத் தெரியும், அதனால் அவர்களுடைய வளை கழலும். அந்த வீதியில் நிற்கும் ஒரு பெண்ணுக்கும் மன்னனைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஆணுக்கும் பருவங்கள் சொல்லப்பட்டன. பன்னிரு பாட்டியல் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று அடுக்குகிறது. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவனுக்கு வலிமையும் மறமும் திறனும் வந்து சேர்கின்றன. அவளோ அறியாதவள் என்ற பொருளுடைய பேதையாகத் தொடங்கி, அறிந்தும் அறியாதவள்போல் இருக்கும் மடத்தை உடைய மடந்தையாக வளர்கிறாள். நாற்பதோடு கணக்கு முடிகிறது. நாற்பத்தொன்றாவது வயதில் ஒரு பெண் என்னவாக இருக்கிறாள் என்பதற்கு உலா வீதியில் இடமே இல்லை.

எரிக்சனின் எட்டுப் படிகள்

மனித வாழ்வைப் படிகளாகப் பார்ப்பது நவீன உளவியலுக்கும் பிடித்தமான வேலை. அதில் சமூகத்தையும் சேர்த்துப் பார்த்தவர் எரிக் எரிக்சன். 1950இல் வெளிவந்த ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ என்ற நூலில் அவர் எட்டுப் படிகளை முன்வைத்தார். கைக்குழந்தை உலகை நம்பலாமா என்று கற்கிறது. தவழ்ந்து நடக்கும் வயதில் தன்னிச்சையா வெட்கமா என்ற போராட்டம். பிறகு முனைப்பா குற்ற உணர்வா, உழைப்பா தாழ்வு மனமா என்று தொடர்ந்து, பதின்பருவத்தில் ‘நான் யார்’ என்ற கேள்விக்கு வருகிறது. அதைக் கடந்தவர்க்கே இளமையில் நெருக்கம் கைகூடும். நடுவயதில் அடுத்த தலைமுறைக்கு எதையாவது ஆக்கித் தரும் அக்கறை பிறக்கும். முதுமையில் வாழ்ந்த வாழ்வைத் திரும்பிப் பார்த்து நிறைவோ கசப்போ அடைகிறோம்.

எந்தப் படியில் எதைக் கற்றுக்கொடுப்பது, எதைப் பறிப்பது என்பதைச் சமூகமே தீர்மானிக்கிறது. அப்படிப் பறிக்கப்பட்டவர்கள் வளர்ந்து அதே சமூகமாகிறார்கள். நமக்குப் பயன்படுகிற இடம் இதுதான். பதின்பருவத்துக்கு ஒரு தவணை வேண்டும் என்று எரிக்சன் சொன்னார். பெரியவர்களின் பொறுப்பு எதுவும் உடனே தலையில் விழாமல், இதுவா அதுவா என்று முயன்று பார்க்கச் சமூகம் தரும் கால அவகாசம் அது. அந்தத் தவணை யாருக்குக் கிடைத்தது என்று கேட்டால் உளவியல் வரலாறாகிவிடும்.

எரிக்சனுக்கே அது கிடைத்தது. பெற்ற தந்தை யாரென்று அறியாமல் வளர்ந்தவர், இளமையில் ஓவியம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் அலைந்தவர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். ‘எரிக்கின் மகன்’ என்பது அதன் பொருள். அவர் தனக்குத் தானே தந்தையானார். தந்தையின் முதலெழுத்திலிருந்து கணவனின் முதலெழுத்துக்கு மாற்றப்படும் பெண்கள் இதைப் படிக்கும்போது சற்று நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

பெண்ணைப் பற்றி எழுத வந்தபோது அவரும் தடுக்கி விழுந்தார். 1964இல் எழுதிய கட்டுரையில், பெண்ணின் அடையாளம் அவள் கருவறையைச் சுற்றி உருவாகிறது, தனக்குரிய ஆணைத் தேர்வதில்தான் அது நிறைவடைகிறது என்ற பொருள்பட வாதிட்டார். கேட் மில்லட் 1970இல் இதைக் கடுமையாக விமர்சித்தார். ஒழுக்க வளர்ச்சிக்கு ஆறு படிகள் வகுத்த லாரன்ஸ் கோல்பர்க்கோ, ஆண்பிள்ளைகளை மட்டுமே கொண்ட ஆய்வில் தம் அளவுகோலைச் செய்தார். அதைக்கொண்டு அளந்தால் பெண்கள் பெரும்பாலும் மூன்றாம் படியிலேயே நின்றுவிடுவதாகத் தெரிந்தது. அவரோடு பணியாற்றிய கேரல் கில்லிகன், 1982இல் தம் நூலில் திருப்பிக் கேட்டார்: கோளாறு பெண்களிடமா, அளவுகோலிலா? பிறகு லின் மைக்கேல் பிரவுனோடு சேர்ந்து பள்ளிச் சிறுமிகளோடு பேசிப் பேசி அவர் கண்டது இன்னும் முக்கியமானது. எட்டு, ஒன்பது வயதில் நினைத்ததைப் பட்டென்று சொல்லும் சிறுமிகள், பதினொன்று பன்னிரண்டில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லத் தொடங்குகிறார்கள். அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் உறவுகள் போய்விடும் என்பதும் அதே வயதில் தெரிந்துவிடுகிறது.

பெதும்பை முடிந்து மங்கை தொடங்கும் வயது அது. மடம் என்று நம் மரபு குணமாக வைத்துப் போற்றியதன் வேறு பெயர் இந்த ‘எனக்குத் தெரியாது’.

தவணை இருந்த இடமும் பறிபோன இடமும்

தமிழில் பெண்ணின் பதின்பருவம் எப்போதுமே இல்லாமல் இருந்ததா? சங்க அகப்பாடல்கள் வேறு ஒன்றைச் சொல்கின்றன. அங்கே தலைவிக்கு ஒரு தோழி இருக்கிறாள். களவு உண்டு. மகளின் மாற்றத்தைக் கண்டு வீட்டில் அடைத்து வைக்கும் இற்செறிப்பு உண்டு. அவளுடைய நோய்க்கு முருகன்தான் காரணம் என்று நடத்தும் வெறியாட்டும் உண்டு. ஆனால் உண்மையை எடுத்துச் சொல்லும் அறத்தொடு நிற்றலும், அதுவும் பலிக்காதபோது வீட்டை விட்டுப் போகும் உடன்போக்கும் துறைகளாகவே ஏற்கப்பட்டிருக்கின்றன. இது பொற்காலம் அல்ல. கட்டுப்பாடு அங்கேயும் இருந்தது. ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டோடு மோதும் இளம்பெண்ணின் மனம் இலக்கியத்தின் நடுவில் இருந்தது.

சிலப்பதிகாரத்தில் மணமகள் கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது. களவில்லை, தோழியோடு ஆலோசனையில்லை. மணச் செய்தி யானை மேல் ஏறி ஊருக்குச் சொல்லப்படுகிறது. மதுரையில் எல்லாவற்றையும் இழந்து நிற்கும்போதுதான் அவளுடைய குரலை நாம் முழுதாகக் கேட்கிறோம். இற்செறிப்பு, உடன்போக்கு இரண்டில் முன்னது நடைமுறையாக நிலைத்தது. பின்னது ஏட்டில் தங்கிவிட்டது.

பருவங்களை மறுத்த பெண்களை மரபு என்ன செய்தது என்பதையும் பார்க்கலாம். ஔவையார் திருமணத்திலிருந்து தப்பப் பிள்ளையாரை வேண்டி இளமையிலேயே கிழவியானார் என்பது கதை. காரைக்காலில் புனிதவதியை அவள் கணவன் தெய்வமென்று அஞ்சி விலகினான். அவள் தசை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றாள் என்கிறது பெரிய புராணம். இருவரும் நடுப்பருவங்களைத் தாண்டிக் குதித்தவர்கள். பெண்ணுடலோடு இருந்துகொண்டே சிந்திக்கவும் பாடவும் ஊர் சுற்றவும் ஒருத்தியால் முடியும் என்று கற்பனை செய்ய அந்தக் கதைகளைச் சொன்னவர்களுக்கு முடியவில்லை. அறிவுக்கு விலையாக இளமையைக் கொடுக்கச் சொன்னார்கள்.

சட்டம் ஏறிய படிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது. 1860இன் தண்டனைச் சட்டம் உடலுறவுக்கான இசைவு வயதைப் பத்து என்று வைத்தது. 1890இல் கல்கத்தாவில் ஒரு வழக்கு நடந்தது. பூல்மணி தாசி என்ற சிறுமி, வயதில் பல மடங்கு மூத்த கணவனின் வன்முறையால் இறந்திருந்தாள். அவள் பத்து வயதைக் கடந்திருந்ததால் அது வல்லுறவாகாது. கணவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல் மட்டுமே கிடைத்தது. அடுத்த ஆண்டு இசைவு வயது பன்னிரண்டாக உயர்ந்தபோது, மதத்தில் அரசு தலையிடுகிறது என்று திலகர் முதலியோர் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பெரும்பாலும் பேசியது உடலைப் பற்றித்தான். பூப்பு எப்போது வரும், உடல் எப்போது தாங்கும் என்பதே விவாதமாக இருந்தது.

மனத்தின் வழக்கைத் தொடுத்தவர் பம்பாயில் இருந்தார். பதினொரு வயதில் மணம் செய்து வைக்கப்பட்ட ருக்மாபாய், வளர்ந்தபின் கணவனோடு வாழ மறுத்தார். தம் சம்மதம் இல்லாமல் நடந்த திருமணம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்றார். 1887இல் நீதிமன்றம் கணவனிடம் போ அல்லது ஆறு மாதம் சிறைக்குப் போ என்றபோது, சிறைக்குப் போகத் தயார் என்றார். கடைசியில் பணம் கொடுத்து வழக்குத் தீர்ந்தது. அவர் லண்டன் சென்று மருத்துவம் படித்துத் திரும்பினார். ‘நான் யார் என்று தீர்மானிக்க எனக்குத் தவணை தரப்படவில்லை’ என்பதே அந்த வழக்கின் உள்ளடக்கம். எரிக்சன் அப்போது பிறக்கவேயில்லை.

1929இன் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக்கியது. 1930 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வருமுன்னே, பல இடங்களில் அவசர அவசரமாகக் குழந்தைகளுக்குத் தாலி கட்டி முடித்தார்கள். பிறகு வயது பதினைந்தாகி, 1978இல் பதினெட்டானது. ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளில் சட்டம் பெதும்பையிலிருந்து மடந்தைக்கு ஏறி வந்திருக்கிறது.

பறிக்கப்பட்டது எங்கே போகிறது

பன்னிரண்டு வயதில் மனைவியாகி, பதினைந்தில் தாயானவளின் ‘நான் யார்’ என்ற கேள்வி கரைந்துபோய்விடாது. அது இடம் மாறும். எரிக்சனின் வழிவந்த சுதிர் கக்கர் 1978இல் எழுதிய நூலில், புகுந்த வீட்டில் மதிப்பற்ற இளம் மருமகள் தாயானபின்தான், அதிலும் மகனைப் பெற்றபின்தான், ஓர் ஆளாகிறாள் என்று விளக்கினார். அவளுடைய ஏக்கமெல்லாம் அந்த மகன்மேல் குவிகிறது. அவன் தன்னிச்சையைக் கற்க வேண்டிய வயதில் இடுப்பைவிட்டு இறங்குவதில்லை. நெருக்கத்தைக் கற்க வேண்டிய வயதில் மனைவியிடம் இன்னொரு தாயைத் தேடுகிறான். அவனுக்கு வாய்த்தவள் மறுபடியும் தன் பதின்பருவத்தைத் தொலைத்துவிட்டு வந்தவள். மாமியார் கொடுமை என்று நகைச்சுவைத் துணுக்காக்கிச் சிரிக்கிறோமே, அது இரண்டு பெண்களின் குணக்கேடு அல்ல. இருவருக்கும் மறுக்கப்பட்ட ஒரே பருவத்தின் விளைவு.

வயதை உயர்த்தினால் மட்டும் இது தீர்ந்துவிடுமா? பெண்ணின் திருமண வயதை இருபத்தொன்றாக்கும் மசோதா 2021இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது, நிறைவேறாமலே காலாவதியானது. பெண்கள் அமைப்புகள் பலவும் அதை எதிர்த்தன. விரும்பியவனோடு போன மகளைத் திரும்பப் பிடித்துவரப் பெற்றோருக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. தவணை என்பது திருமணத்தைத் தள்ளிப்போடுவது மட்டுமல்ல. அந்த ஆண்டுகளில் படிக்கவும் சம்பாதிக்கவும் தேரவும் தவறிவிட்டுத் திரும்பி வரவும் அவளுக்கு உரிமை இருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாத ஆண்டுகள் நீண்ட இற்செறிப்பு மட்டுமே. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரை மணந்திருந்த இளம்பெண் சட்டப்படி முழு வயது வந்தவர். சாதியின் கணக்கில் பெண்ணுக்கு வயது வருவதே இல்லை. படுகாயத்திலிருந்து மீண்டு, தன் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் நின்ற அவருடைய செயலுக்கும் நம் இலக்கணத்தில் ஒரு பெயர் இருக்கிறது: அறத்தொடு நிற்றல்.

கணக்கு முடிகிற நாற்பதுக்குத் திரும்புவோம். எரிக்சனின் ஏழாவது படி, அடுத்த தலைமுறைக்கு ஆக்கித் தரும் படி, ஏறக்குறைய அந்த வயதில்தான் வலுப்பெறுகிறது. 1886இல் பிறந்த இரு பெண்களை நினைத்துப் பார்க்கலாம். ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி, பால்ய விதவை. 1911இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைத்து, அவர்களை ஆசிரியைகளாக்கினார். குழந்தைப் பருவத்திலேயே முடிந்துபோனதாக ஊர் முடிவுகட்டிய வாழ்வுகளுக்குச் சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் ஒரு தவணை கிடைத்தது.

மற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. பூப்பெய்தியபின் பள்ளி மறுக்கப்பட்டு வீட்டிலிருந்தே படித்தவர்; புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரிக்குள் நுழைந்தவர்; 1912இல் மருத்துவரானவர்; சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவராக இருந்து தேவதாசி முறைக்கும் இளவயது மணத்துக்கும் எதிராகப் பேசியவர். ஆதரவற்ற சிறுமிகளுக்காக 1930இல் அவர் இல்லம் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954இல் திறக்கப்பட்டபோது அறுபத்தேழு. பாட்டியல் வகுத்த ஏழு பெயர்களில் ஒன்றுகூட அந்த இரண்டு வயதுகளுக்கும் பொருந்தாது. சிறுமிகள் சிறுமிகளாகவே இருந்து வளர வேண்டிய அந்த வீட்டுக்கு, இளமையைக் கொடுத்து விடுதலை வாங்கியதாகச் சொல்லப்படும் கிழவியின் பெயரை வைத்தார்: அவ்வை இல்லம்.