மண்ணும் வடிவமும்: ஸாமர்ராவிலிருந்து பக்தாது வரை

திருமறையின் ஸபா அத்தியாயத்து 13ஆம் வசனம், நபி ஸுலைமான் (அலை) அவர்களுக்காக ஜின்கள் ஆக்கிக் கொடுத்தவற்றை வரிசைப்படுத்துகின்றது. மிஹ்ராபுகள், 'தமாஸீல்' எனப்படும் உருவங்கள், நீர்த்தொட்டிகளையொத்த பெருங்கலங்கள், நிலைபெயராத கொப்பரைகள் ஆகிய நான்கும் அங்கே ஒருசேர எண்ணப்படுகின்றன. உருவமும் கலமும் அருகருகே நிற்கும் இவ்விடத்தை முஃபஸ்ஸிர்கள் ஆராயாமற் கடந்ததில்லை. அவ்வுருவங்கள் முந்தைய ஷரீஅத்தில் ஆகுமாயிருந்து நமது ஷரீஅத்தில் விலக்கப்பட்டன என்பர் பலர். அவை உயிரற்ற பொருள்களின் உருவங்களாக இருந்திருக்கலாம் என்பாரும் உளர். கலத்தைப் பற்றியோ கருத்து வேறுபாடு எழவில்லை. சிற்பமும் மட்கலமும் ஒரே கூடத்தில் காட்சிக்கு வைக்கப்படும்போது நம்மவர் உள்ளத்தில் தோன்றும் தயக்கம் இப்பழைய வினாவின் தொடர்ச்சியே ஆகும். அவ்விரு கலைகளும் ஒருங்கே தழைத்த ஈராக்கின் வரலாற்றைக் கொண்டு அவ்வினாவை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

கலீஃபா அல்-முஃதஸிம் ஹிஜ்ரி 221இல் (கி.பி. 836) பக்தாதுக்கு வடக்கே டைக்ரிஸ் ஆற்றங்கரையில் ஸாமர்ரா நகரை நிறுவினார். 892 வரை அதுவே அப்பாஸியரின் தலைநகராயிருந்தது. மண்ணாலும் செங்கல்லாலும் எழுப்பிய அந்நகரத்துச் சுவர்களுக்குச் சுதை பூசி, அதில் வேலைப்பாடுகளைச் செதுக்கினர். முதலில் திராட்சைக் கொடியும் இலையும் இயற்கையை ஒட்டி அமைந்தன. பின்னர், சாய்வாக வெட்டிய கோடுகள் ஒன்றனுள் ஒன்று புகுந்து, இலையா அலையா எனப் பிரித்தறிய இயலாத ஒரு புதுமுறை பிறந்தது. ஸாமர்ராவில் வளர்ந்த அஹ்மது இப்னு தூலூன் எகிப்தின் ஆளுநராகச் சென்றபோது இம்முறையும் உடன் சென்றது. 879இல் நிறைவெய்திய அவரது கெய்ரோப் பள்ளிவாசலில் அதன் சாயலைக் காணலாம்.

உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்தோர் மறுமையில் அவற்றுக்கு உயிரூட்டுமாறு பணிக்கப்படுவர் என்னும் எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உண்டு. உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அணுகியபோது, அத்தொழிலை விட இயலாதெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தியும் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அவ்வழியில் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை ஸாமர்ராவின் சுதை வேலைப்பாடு காட்டிற்று.

எனினும் வரலாற்றைப் பூசி மெழுகுதல் நமக்குத் தகாது. அதே நகரின் அரண்மனைச் சுவர்களில் ஆடல் மகளிரின் ஓவியங்கள் இருந்தன. பக்தாதில் கலீஃபா மன்ஸூரின் பச்சைக் குவிமாடத்தின் உச்சியில் குதிரைவீரன் உருவம் ஒன்று நின்றதையும், அக்குவிமாடம் ஹிஜ்ரி 329இல் இடிந்து வீழ்ந்ததையும் கதீப் அல்-பக்தாதி பதிவு செய்துள்ளார். அரண்மனை ஒரு வழியிலும் பள்ளிவாசல் ஒரு வழியிலும் சென்றதே உண்மை.

இனி மட்கலத்திற்கு வருவோம். கடல் வழியே வந்த சீனப் பீங்கானின் வெண்மை அப்பாஸியரைக் கவர்ந்தது. அதற்குரிய வெண்களிமண் ஈராக்கில் இல்லை. பஸ்ராவின் குயவர்கள் தம் நாட்டு மண்ணால் வனைந்த கலத்தின்மீது வெள்ளீயம் கலந்த மெருகைப் பூசி அவ்வெண்மையை எய்தினர். அத்துடன் நில்லாமல், சுட்டெடுத்த கலத்தின்மேல் வெள்ளி, செம்பு ஆகியவற்றின் கலவையால் எழுதி, புகை சூழ்ந்த சூளையில் மறுமுறை சுட்டனர். ஆறியபின் மேற்படிந்த மண்ணைத் துடைக்க, எழுதிய இடமெல்லாம் பொன்போல் மின்னிற்று. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் விலக்கப்பட்ட சமுதாயத்திற்கு மண்ணிலிருந்தே பொன்னொளியைத் தந்த கலை இது என அறிஞர் சிலர் விளக்குவர். துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபை இத்தகைய ஓடுகள் நூற்றுக்கும் மேற்பட்டவை அணி செய்கின்றன. மேற்காசியாவின் நீலப்பச்சை மெருகுக் கலங்களின் உடைசல்கள் மன்னாரை அடுத்த மாந்தைத் துறைமுக அகழ்வில் கிடைத்திருப்பதால், அவ்வணிகப் பாதை நம் கரைகளையும் தொட்டது என்பது தெளிவு.

1911 முதல் 1913 வரை ஸாமர்ராவை அகழ்ந்தவர்கள் ஜெர்மானியரான ஸார்ரேயும் ஹெர்ட்ஸ்ஃபெல்டும் ஆவர். அவர்கள் கண்டெடுத்தவற்றுட் பெரும்பகுதி பெர்லினுக்கும் இலண்டனுக்கும் போய்ச் சேர்ந்தது. 1930களில் ஈராக்கியத் தொல்பொருள் துறை தானே அங்கு அகழ்வை மேற்கொண்டது. 1359இல் வணிகர் விடுதியாகக் கட்டப்பட்ட பக்தாதின் கான் மர்ஜான், 1937இல் அரபுத் தொல்பொருட் காட்சியகமாயிற்று. சுதைச் சிற்பமும் மெருகுக் கலமும் பிறந்த நாட்டிலேயே மக்கள் பார்வைக்கு வந்தன.

அக்காலத்தில் தொல்பொருள் துறையில் பணியாற்றிய இளைஞருள் ஒருவர் ஜவாத் ஸலீம். பாரிஸ், ரோம், இலண்டன் நகரங்களில் சிற்பம் பயின்ற இவர், 1951இல் ஷாகிர் ஹஸன் ஆல் ஸயீத் முதலியோருடன் 'பக்தாது நவீன கலைக் குழு'வை அமைத்தார். 'இஸ்தில்ஹாமுத் துராஸ்', அதாவது மரபிலிருந்து அகத்தூண்டல் பெறுதல், என்பதே குழுவின் கொள்கை. தம் முன்னோராக அவர்கள் சுட்டியவர் யஹ்யா அல்-வாஸிதீ. ஹரீரியின் மகாமாத்தை ஹிஜ்ரி 634இல் (1237) எழுதி ஓவியந்தீட்டியவர் இவரே. அந்நூலின் அரிய சொற்களுக்குப் பொருளுரைத்தே பல ஆண்டுகளைக் கழித்த நாம், அதற்கு இப்படியொரு சித்திரப் படி இருந்ததை மிகப் பிந்தியே அறிந்தோம். அது இன்று இருப்பது பாரிஸில்.

மட்கலக் கலையும் பின்தங்கவில்லை. பக்தாது நுண்கலைக் கழகத்தில் 1950களில் ஆங்கிலேயரான இயன் ஆல்டும், அவருக்குப் பின் சைப்ரஸ் நாட்டவரான வாலன்டினோஸ் கராலம்பூஸும் அதனைக் கற்பித்தனர். ஸஅத் ஷாகிர் போன்ற ஈராக்கியர் அவ்வழியில் உருவாயினர். பஸ்ராவின் குயவர் உலகுக்கு வழங்கிய கலையை அவர்தம் வழித்தோன்றல்கள் அயலாரிடம் மீண்டும் பயில நேர்ந்தது சிந்திக்கத்தக்கது.

1958ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஜவாத் ஸலீமிடம் விடுதலைச் சின்னம் ஒன்றை அமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. சுமார் 50 மீட்டர் நீளமுள்ள மேடைப் பலகையில் 14 வெண்கலத் தொகுதிகள். அரபு வரியைப் போல் வலமிருந்து இடமாகப் படிக்கத்தக்கவை. பணி முடியுமுன் 1961 ஜனவரியில் அவர் மறைந்தார். அச்சின்னத்தில் அன்றைய ஆட்சியாளர் அப்துல் கரீம் காஸிமின் உருவம் இல்லை. 1963இல் காஸிம் கொல்லப்பட்ட பின்னும், அடுத்தடுத்து வந்த ஆட்சிகளிலும் அது நிலைத்தது. 2003 ஏப்ரல் 9இல் ஃபிர்தவ்ஸ் சதுக்கத்தில் ஸத்தாம் ஹுஸைனின் சிலை வீழ்த்தப்பட்டதை உலகம் கண்டது. தனிமனிதரை வானளாவ உயர்த்தும் உருவத்தைப் பற்றி நம் இமாம்கள் ஏன் அஞ்சினர் என்பதற்கு இதனினும் தெளிவான விரிவுரை வேண்டுவதில்லை.

அதே ஏப்ரலில் ஈராக் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டு ஏறத்தாழ 15,000 பொருள்கள் களவு போயின. நவீன கலைகளின் காட்சியகமும் கொள்ளைக்குத் தப்பவில்லை. ஜவாத் ஸலீமின் துணைவராயிருந்த சிற்பி முஹம்மது கனீ ஹிக்மத், முதுமையையும் பாராமல், களவுபோன கலைப்பொருள்களைத் தேடி மீட்டார். ஜவாத் ஸலீமின் 'தாய்மை' என்னும் மரச்சிற்பம் அவ்வாறு மீண்டவற்றுள் ஒன்று. 2005இல் ஸாமர்ராவின் மல்விய்யா மினாராவின் உச்சி குண்டுவெடிப்பில் சிதைந்தது. 2007இல் ஸாமர்ரா உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோதே, ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

உயிருள்ளவற்றின் முழு உருவச் சிலை கூடாதென்னும் பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பை நாம் இங்கே மறு ஆய்வுக்கு உட்படுத்தவில்லை. வழிபாட்டு அச்சம் நீங்கிய இடத்தில் உருவங்களைப் பாதுகாப்பது அறிவுக்குத் துணை என்று எகிப்தின் முஃப்தி முஹம்மது அப்துஹு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியதையும், அக்கருத்தைப் பெரும்பாலோர் ஏற்காததையும் அறிவோம். நாம் சொல்ல விழைவது வேறு. விலக்கப்பட்டது ஒரு பகுதி. ஆகுமாக்கப்பட்டதோ பரந்த வெளி. கொடியும் கோலமும் எழுத்தும் கலமும் அவ்வெளியில் ஓங்கி வளர்ந்தவை. விலக்கை மட்டும் மனனம் செய்துவிட்டு, ஆகுமானவற்றை அகழவும் பெயரிடவும் காக்கவும் பிறரிடம் விட்டுவிட்டோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய பள்ளிவாசல்களின் கல்தூண்களில் நம் முன்னோர் செதுக்குவித்த பூவேலைகளை நம்முள் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கின்றோம்? புதுப்பிக்கும் ஆர்வத்தில் அத்தகைய தூண்களின் மீது சாயமடித்து மறைப்போரிடம் ஒரு சொல் எடுத்துரைத்தோர் எத்தனை பேர்?

தொடக்கத்தில் குறித்த வசனம், தாவூதின் குடும்பத்தாரை நன்றியுடன் செயலாற்றுமாறு பணித்து, நன்றி செலுத்துவோர் சிலரே என்று நிறைவுறுகின்றது. கைவினைகளை எண்ணிக் காட்டிய அதே வசனம் நன்றியில் முடிவது நம் சிந்தனைக்குரியது. கிடைத்ததை அறிந்து பேணுதலே நன்றியின் முதற்படி.