விளக்கும் பசையும்

வடலூர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது விளக்கு. 1872-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி, தைப்பூசத் திருநாளன்று, இராமலிங்க அடிகள் அமைத்த சத்திய ஞான சபையில் ஜோதி வழிபாடு தொடங்கிற்று. அங்கே விளக்குக்கு முன்னால் கண்ணாடி; கண்ணாடிக்கு முன்னால் வெவ்வேறு வண்ணத்தில் ஏழு திரைகள். தைப்பூசத்தன்று திரைகளை ஒவ்வொன்றாக விலக்குகிறார்கள், ஜோதி தெரிகிறது. விலக்குகிறார்களே ஒழிய, யாரும் திரையைக் கிழிப்பதில்லை. கண்ணாடியைக் கீறுவதும் இல்லை.

சபை இருக்கும் அதே ஊரில் ஒரு நாற்சந்தி இருக்கிறது. சென்னையிலிருந்து பண்ருட்டி வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் போகிற சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையும் அங்கே குறுக்கிட்டுக்கொள்கின்றன. பொழுது சாய்ந்த பிறகு அங்கே நின்றால், வருகிற வண்டிகளின் முகப்பு விளக்குகளிலும் ஒருவகைத் திரையைக் காணலாம். நடுவில் ஒட்டிய கறுப்பு ஸ்டிக்கர் ஒன்று. ஸ்டிக்கர் போன பிறகும் போகாமல், புழுதியை வாங்கிக்கொண்டு அப்பிக் கிடக்கும் பசை இன்னொன்று. அற்பமான பசைதானே என்று தோன்றும். ஆனால் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது தெரியாமல் அதை அகற்றப் போகிறவர்கள் விளக்கையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

மோட்டார் வண்டியின் இளமைக் காலத்தில் கார்பைடு விளக்கு எரிந்தது. கார்பைடின் மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்; அதில் உண்டாகும் அசெட்டிலீன் வாயு எரிந்து வெளிச்சம் தரும். 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் கார் மின்சார விளக்குடன் வந்தது. அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு வெளிச்சம் கூடிக்கொண்டே போயிற்று. கூடவே எதிரே வருகிறவனின் கண்ணும் கூசத் தொடங்கிற்று. கண் கூசிய டிரைவருக்குச் சில விநாடிகள் சாலையே தெரியாது. அந்தச் சில விநாடிகளில் எத்தனையோ குடும்பங்களின் தலையெழுத்து மாறிவிடுகிறது.

இந்தக் கூச்சத்துக்கு நம் நாட்டில் கண்ட மலிவான பரிகாரம் கறுப்புப் பொட்டு. குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம் அல்லவா? அதுபோல விளக்கின் நடுவில் ஒரு பொட்டு. சிலர் விளக்கின் மேல் பாதியையே கறுப்பாக்கினார்கள். முதலில் பெயிண்டு, பிறகு ஸ்டிக்கர். போலீஸாரும் போக்குவரத்துத் துறையினரும் வண்டிகளை வழியில் நிறுத்தித் தாங்களே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் காட்சி தமிழ்நாட்டில் பல ஊர்களுக்குப் பழக்கமானது.

விளக்கை மறைப்பது உலகத்துக்கும் புதிதல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானத் தாக்குதலுக்கு அஞ்சி, இங்கிலாந்தில் 1939 செப்டம்பர் முதலே வண்டி விளக்குகளுக்கு மறைப்புப் போட்டு ஓட்டினார்கள். நம் சென்னையிலும் 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் குண்டு போட்டுவிட்டுப் போனது. அந்த நாட்களில் வெளிச்சமே விரோதியாக இருந்தது.

அன்றைய விளக்கின் முகம் கண்ணாடி. கண்ணாடி என்பது கல்லுக்குத் தம்பி. ஒட்டியதை எடுக்க வேண்டுமானால் கிளீனர் பையன் ஒரு பழைய பிளேடை எடுப்பான். மிச்சத்தைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைப்பான். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. தலைமுறை தலைமுறையாகப் பட்டறைகளில் வந்த இந்தக் கைப்பழக்கம் அந்தக் காலத்துக்கு முற்றிலும் சரியானதே.

ஒட்டுவதைவிட ஒட்டியதைச் சேதமின்றி எடுப்பதே கடினம் என்ற உண்மையை மோட்டார்த் தொழிலில் கண்டுகொண்டவர் ரிச்சர்ட் ட்ரூ என்ற அமெரிக்கர். உப்புக் காகிதம் செய்யும் 3எம் கம்பெனியில் அவர் வேலை பார்த்தார். அந்நாளில் காருக்கு இரண்டு வர்ணம் அடிப்பது நாகரிகம். ஒரு வர்ணத்தின் மேல் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டு மற்றதை அடிப்பார்கள். காகிதத்தை உரிக்கும்போது அடித்த வர்ணமும் சேர்ந்து உரிந்துவரும். பெயிண்டர் தலையில் அடித்துக்கொள்வார். இதைப் பார்த்த ட்ரூ, ஒட்டவும் வேண்டும், உரித்தால் வர்ணத்தை விட்டுவிடவும் வேண்டும் என்று ஒரு நாடாவைச் செய்ய முயன்று, 1925-ல் வெற்றி கண்டார். ஆனால் ஸ்டிக்கருக்குப் போடும் பசை அந்த ஜாதியைச் சேர்ந்தது அல்ல. வெயிலிலும் மழையிலும் விழாமல் நிற்பதற்கென்றே செய்யப்பட்டது அது.

பிறகு விளக்கின் முகமே மாறிவிட்டது. 1953-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் டேனியல் ஃபாக்ஸும், ஒருவரையொருவர் அறியாமலே பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தார்கள். கண்ணாடி போலத் தெளிவு, கல் பட்டாலும் எளிதில் உடையாது, எடை குறைவு, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். 1983-ல் அமெரிக்க அரசு விளக்கு விதிகளைத் தளர்த்தியதும் காரின் முகத்தோடு இழைந்த பிளாஸ்டிக் விளக்குகள் வரத் தொடங்கின. நம் நாட்டிலும் அவை மெல்ல மெல்லப் பரவி, வட்டக் கண்ணாடி விளக்கை ஒதுக்கிவிட்டன.

இந்தப் பிளாஸ்டிக்குக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது, இதன் மேனி மென்மையானது; வெயிலில் மஞ்சளும் பூக்கும். அதனால் மெல்லிய, கடினமான பூச்சு ஒன்றை மேலே கொடுத்திருக்கிறார்கள். பிளேடு பட்டால் போவது அந்தப் பூச்சுத்தான். இரண்டாவது, அச்சில் வார்க்கும்போது உள்ளே ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. பெட்ரோல், தின்னர், நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் போன்றவை பட்டால், அந்த இழுவிசை சிலந்தி வலை போன்ற நுண்ணிய வெடிப்புகளாக வெளிப்படும். பிறகு அதைத் துடைத்து மாற்ற முடியாது.

வெடித்த விளக்கில் நேராகப் போக வேண்டிய ஒளி நாலா பக்கமும் சிதறுகிறது. சாலையில் வெளிச்சம் குறைகிறது. எதிரே வருகிறவன் கண் கூசுகிறது. கூச்சத்தைத் தடுக்க ஒட்டிய பொட்டை எடுக்கப்போய்க் கூச்சத்தையே நிரந்தரமாக்கிக்கொள்கிறோம்! கண்ணாடிக்குச் சரியாக இருந்த கைப்பழக்கத்தைப் பிளாஸ்டிக்கின் மேல் காட்டியதன் பலன் இது.

ஆகையால் நிதானமே இங்கே மருந்து. விளக்கை அணைத்து, ஆறவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். முதலில் ஏராளமான தண்ணீர். நெய்வேலியில் சுரங்கமும் அனல் மின் நிலையமும் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் வண்டியின் மேல் புழுதி படியாத நாள் கிடையாது. புழுதியோடு துணி போட்டுத் தேய்த்தால் துணியே உப்புக் காகிதமாகிவிடும். கழுவிய பிறகு, கை பொறுக்கும் சூட்டில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை ஸ்டிக்கரின் மேல் பத்து நிமிஷம் போட்டுவைக்கலாம். பசை இளகும். விரல் நகத்தாலோ, பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பாலோ ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரிக்க வேண்டும்.

மிச்சப் பசைக்குச் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். எண்ணெய் பசைக்குள் ஊறி, அதன் பிடியைத் தளர்த்துகிறது. ஐந்து பத்து நிமிஷம் கழித்துப் பழைய பனியன் துணியால் தேய்த்தால், பசை திரிதிரியாகத் திரண்டு வரும். அப்படியும் போகாத பிடிவாதப் பசைக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் சிறிது நனைத்து, ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, லேசாகத் துடைக்கலாம். கடைசியில் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு நின்றால் மறுநாளே புழுதி வந்து குடியேறிவிடும். பிளேடும் இரும்பு நாரும் பாத்திரம் தேய்க்கும் தூளும் பக்கத்தில் வரவே கூடாது.

அரை மணி நேர வேலை. பிளேடில் இரண்டு நிமிஷத்தில் முடியுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தைப்பூசத்துக்கு முன்னிரவில் வடலூரைச் சுற்றியுள்ள சாலைகளைப் பார்க்க வேண்டும். கிழவர்களும், குழந்தையைத் தோளில் சுமந்த தாய்மார்களும் ஜோதியைக் காண வேண்டுமென்று சாலையோரமாக நடந்து போகிறார்கள். அவர்கள் கையில் விளக்கு இராது. எதிரே வருகிற வண்டியின் விளக்கை நம்பித்தான் அவர்கள் அந்த இருட்டில் நடக்கிறார்கள்.