பெரட்டுக் களத்தில் ஓர் இலத்தீன் சொல்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் அழைக்கப்படும். குரல் வாராவிடின் கிராணி ‘ஆப்சென்ட்’ எனக் குறிப்பார். நாட்கூலிக்காரர்க்கு அன்றைய கூலி இல்லை. பள்ளி வருகைப் பதிவேட்டிலும் அதே சொல்லையே நாம் ஆள்கின்றோம். அச்சொல் ஆங்கிலத்தின் வழியே வந்த இலத்தீன் எச்சம் என்பதை நம் மாணவருள் சிலரே அறிவர்.

‘அப்சென்ஸ்’ என்பதே அதன் இலத்தீன் வடிவம். ‘அப்’ என்பது விலகலைக் குறிக்கும். ‘சென்ஸ்’ என்பது ‘இருக்கின்ற’ எனப் பொருள்படும் பழைய எச்சம். வியப்பென்னவெனில், இலத்தீனில் இது தனித்து வழங்காது ஒழிந்து, ‘அப்சென்ஸ்’, ‘பிரைசென்ஸ்’ போன்ற கூட்டுச்சொற்களில் மட்டுமே எஞ்சிற்று. சீசர் ‘என்ஸ்’ என்னும் தனிவடிவை ஆண்டதாகப் பிரிஷியன் என்னும் இலக்கணி குறிக்கின்றார். வடமொழியில் இதன் உடன்பிறப்பு தனித்தே வாழ்கின்றது: சைவ சித்தாந்தம் பயின்றோர் அறிந்த ‘சத்து’, ‘அசத்து’ என்பனவற்றின் மூலம் அதுவே.

இனி வேற்றுமை. எழுவாயில் ஆண், பெண், பொதுப்பால் மூன்றற்கும் ‘அப்சென்ஸ்’ ஒன்றே. பிற வேற்றுமைகளில் ‘ன்ட்’ என்னும் அடி வெளிப்படும்: ஆறாம் வேற்றுமை ‘அப்சென்டிஸ்’, நான்காவது ‘அப்சென்டி’, இரண்டாவது ‘அப்சென்டெம்’. இரண்டாவதில் பொதுப்பால் மட்டும் ‘அப்சென்ஸ்’ என்றே நிற்கும். ஆங்கிலத்தின் இறுதி ‘ட்’ இவ்வடியின் எச்சமே.

இங்கேதான் ஆசிரியர்க்கு ஒரு சிக்கல். இலத்தீன் எச்சத்தைப் ‘பெயரெச்சம்’ என மொழிபெயர்த்து அமைந்துவிடுகின்றோம். அது பாதி உண்மையே. ‘இருக்கின்ற’ என்னும் நம் பெயரெச்சம் காலங் காட்டும், வேற்றுமை ஏலாது. கி.மு. முதல் நூற்றாண்டில் வார்ரோ சொற்களை வேற்றுமையும் காலமும் கொண்டு நால்வகையாக்கியபோது, இரண்டும் உடையதே எச்சம் என்றார். தமிழில் அவ்விரண்டும் உடையது ‘இருக்கின்றவன்’ என்னும் வினையாலணையும் பெயரே. ஆகவே இலத்தீனில் ஒரு சொல் செய்யும் பணியைத் தமிழ் இரு சொல்வகைக்குப் பகிர்ந்தளித்திருக்கின்றது. நம் பாடங்கள் இவ்விரண்டையும் சேர்த்தே காட்டுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டிற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ‘வாராத ஆள்’ என்பதில் சொல் மாறாது நிற்கின்றது. ‘வாராதவனுக்குக் கூலி இல்லை’ என்னும் தோட்டத்து விதியில் அது நான்காம் வேற்றுமை ஏற்கின்றது. இலத்தீனில் அவ்விடத்து நிற்பது ‘அப்சென்டி’.